பின்லாந்தை அச்சு நாடுகள் பட்டியலில் எழுதலாமா?

பென்னாகரத்தான்:
குரூப் ஒன் தேர்வுக்கு தருமபுரி நூலகத்தில் நாலு பேர் சேர்ந்து படிக்கிறோம். நேற்று இரண்டாம் உலகப்போரில் வாக்குவாதம் வந்துவிட்டது. 1939-ல் ரஷ்யா அடித்தபோது பிரிட்டன் பின்லாந்துக்குப் பரிந்து பேசியது. 1941 டிசம்பர் 6-ல் அதே பிரிட்டன் அதே பின்லாந்தின் மேல் போர் அறிவித்தது. இரண்டும் ஜனநாயக நாடுகள். "ஹிட்லரோடு நின்றவன் ஹிட்லர் ஆள்தான்" என்கிறான் நண்பன். எனக்கு அப்படி முடித்துவிட மனசு வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காவேரிப்பட்டணம் வாத்தியார்:
தம்பி, நான் வகுப்பெடுத்த காலத்தில் பின்லாந்துக்கு அரை நிமிஷம்தான் கொடுத்தேன். ஓய்வுக்குப் பிறகு உட்கார்ந்து படித்தபோது நெஞ்சு கனத்துப் போனது.

1939 ஆகஸ்ட் 23-ல் ஜெர்மனியும் ரஷ்யாவும் செய்த ஒப்பந்தத்தின் ரகசியப் பகுதியில் ஹிட்லர் பின்லாந்தை ஸ்டாலின் பங்குக்கு விட்டுக்கொடுத்தான். நவம்பர் 30-ல் ரஷ்யாவின் செஞ்சேனை உள்ளே நுழைந்தது. 105 நாள் தனியாக நின்றார்கள். பிரிட்டனும் பிரான்சும் படை அனுப்புவதாகச் சொன்னார்கள். நார்வேயும் ஸ்வீடனும் வழி விடவில்லை. கடைசியில் வீபுரி நகரத்தோடு கரேலியாவைக் கொடுத்துத்தான் சமாதானம். நாலு லட்சத்துக்கு மேல் ஆட்கள் வீடு வாசலை விட்டு வந்தார்கள். நாட்டில் மொத்தமே முப்பத்தேழு லட்சம் பேர். ஒன்பது பேரில் ஒருவர் வீடிழந்தவர் என்று வைத்துப் பாருங்கள். 1941 ஜூனில் ஜெர்மனி ரஷ்யா மேல் பாய்ந்தபோது, போன நிலத்தை மீட்க பின்லாந்தும் இறங்கியது. அச்சு நாடுகளான ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் மூன்றும் செய்த முத்தரப்பு உடன்படிக்கையில் அது கையெழுத்துப் போடவே இல்லை. ஆனால் 1941 நவம்பர் 25-ல் ஜெர்மனி முன்னின்ற கம்யூனிஸ எதிர்ப்பு உடன்படிக்கையில் சேர்ந்தது. அதையும் மறைக்கக் கூடாது. அச்சு நாடு என்று எழுதாதீர்கள், "ஜெர்மனியோடு உடன்போரிட்ட நாடு" என்று எழுதுங்கள்.

பிரிட்டன் போர் அறிவித்தது ஸ்டாலின் நெருக்கியதால். அதற்கு ஒரு வாரம் முன்பே பிரிட்டன் பிரதமர் சர்ச்சில் பின்லாந்துத் தளபதி மன்னர்ஹைமுக்குக் கடிதம் எழுதினார். கடும் குளிரைக் காரணம் காட்டிச் சண்டையைச் சத்தமில்லாமல் நிறுத்தினாலே போதும் என்று கேட்டார். மன்னர்ஹைம் ஒத்துக்கொள்ளவில்லை. அறிவிப்பு வந்த நாள் பின்லாந்தின் சுதந்திர தினம். அமெரிக்கா கடைசி வரை பின்லாந்து மேல் போர் அறிவிக்கவில்லை.

இன்னொன்று. 1947 பிப்ரவரி 10-ல் பாரிஸில் பின்லாந்தோடு செய்த சமாதான உடன்படிக்கையில், போரிட்ட நாடுகளில் ஒன்றாக இந்தியாவும் கையெழுத்திட்டது. அன்றைக்கு நம் ஊர்களெல்லாம் சேலம் ஜில்லா. காவேரிப்பட்டணத்தில் மாந்தோப்பு வைத்திருந்த என் தாத்தாவும், அவர் காதுக்கே எட்டாமல், காகிதத்தில் பின்லாந்தின் எதிரி. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

ராயக்கோட்டைக்காரன்:
வாத்தியார் ஐயா, நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாராமகாலும் அப்படித்தானே? கம்பெனி, மராத்தியர், நிஜாம் மூவரும் திப்புவுக்கு எதிராகக் கூட்டுச் சேர்ந்தார்கள். 1791-ல் எங்கள் மலைக்கோட்டை கம்பெனி கைக்குப் போனது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் முழுவதும் கம்பெனிக்கு. நம் ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காவேரிப்பட்டணம் வாத்தியார்:
ஒப்பிடுவது சரி, ஆனால் பாதிதான் பொருந்தும். நம்மவர்களைக் கைமாற்றினார்கள். பின்லாந்துக்குத் தேர்ந்தெடுத்த பாராளுமன்றம் இருந்தது, முடிவை அவர்களே எடுத்தார்கள். அதனால் பொறுப்பும் அவர்களுடையதே. பழைய எல்லையைத் தாண்டிக் கிழக்குக் கரேலியாவைப் பிடித்தார்கள். அங்கே பெட்ரசவோட்ஸ்கில் ரஷ்யக் குடும்பங்களை முகாம்களில் அடைத்தார்கள், ஆயிரக்கணக்கானோர் பசியாலும் நோயாலும் செத்தார்கள். 1942 நவம்பரில் எட்டு யூத அகதிகளை ஜெர்மானியர் கையில் ஒப்படைத்தார்கள். அதே பின்லாந்துப் படையில் யூத வீரர்களும் போரிட்டார்கள். பின்லாந்து மேல் பிரியம் உள்ளவன்தான் நான். இதைச் சொல்லாமல் விட்டால் அந்தப் பிரியத்துக்கு மரியாதை இல்லை.

பென்னாகரத்தான்:
ரொம்ப நன்றி ஐயா. ஜெர்மனியிடமிருந்து எப்படி விடுபட்டார்கள்?

காவேரிப்பட்டணம் வாத்தியார்:
1944 ஜூன் 20-ல் வீபுரி மறுபடி ரஷ்யா கைக்குப் போனது. ஜெர்மனியின் ஆயுதம் இல்லாமல் நிற்க முடியாத நிலை. உத்தரவாதம் தந்தால்தான் ஆயுதம் என்றது ஜெர்மனி. ஜூன் 26-ல் ஜனாதிபதி ரிஸ்டோ ரிட்டி, பாராளுமன்றத்துக்குக் கொண்டுபோகாமல், தன் பெயரிலேயே கடிதம் எழுதினார்: நானும் நான் அமைக்கும் அரசும் தனிச் சமாதானம் செய்ய மாட்டோம் என்று. தாலி-இஹன்தாலா என்ற இடத்தில் ரஷ்யப் படையைத் தடுத்து நிறுத்தினார்கள். ஆகஸ்ட் 1-ல் ரிட்டி பதவி விலகினார். அடுத்து வந்த மன்னர்ஹைமை அந்தக் கடிதம் கட்டுப்படுத்தாது. செப்டம்பர் 4-ல் ரஷ்யாவோடு சண்டை நின்றது. பிறகு நேற்றுவரை கூட நின்ற ஜெர்மானியரோடு வடக்கே லாப்லாந்தில் போர். ரோவனியெமி நகரமே எரிந்தது.

1946-ல், பிறகு இயற்றிய சட்டத்தை முன்தேதியிட்டு, போருக்குப் பொறுப்பாளி என்று ரிட்டிக்குப் பத்து வருஷச் சிறைத் தண்டனை கொடுத்தார்கள். உடம்பு நொந்துபோன நிலையில் 1949-ல் மன்னித்து விட்டார்கள். மன்னர்ஹைம் பெயர் எல்லோருக்கும் தெரியும். ரிட்டியையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள் தம்பி.