புதுப்பிப்பு: தங்கை மீதான கடைத் திருட்டு வழக்கு, வக்கீல் வைத்துவிட்டோம்

சென்ற மாதம் கேட்டிருந்தேன்: மதுரையில் மாசி வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் 1,450 ரூபாய்ச் சுடிதாரைப் பைக்குள் வைத்து வெளியேறிய தங்கை பிடிபட்டாள், முதல் வழக்கு, வக்கீல் தேவையா என்று. காவல் நிலையத்தில் நோட்டீஸ் கொடுத்து அனுப்பிவிட்டதால் சின்ன விஷயம் என்றே நினைத்தோம். "ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு போய்விடும்" என்றார் மாமா. நானும் பாதி நம்பினேன்.

நல்லவேளை, அவர் பேச்சைக் கேட்கவில்லை. வக்கீலம்மா முதல் தகவல் அறிக்கையில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓர் எண்ணில் நிறுத்தினார்: 305. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், பொருள் பாதுகாக்கும் கட்டடத்தில் திருடுவதற்கான பிரிவு. 7 ஆண்டு வரை சிறை, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாது, நீதிமன்றம் பார்த்துக் கொடுத்தால்தான் உண்டு. சாதாரணத் திருட்டுக்கான 303(2) என்றால் கதையே வேறு. பொருள் 5,000 ரூபாய்க்குக் கீழ், திருப்பிக் கொடுத்தாகிவிட்டது, தண்டனை பெறுவது முதல் முறை என்றால் சமூக சேவைதான். சுடிதாரோ விலைச்சீட்டுகூடக் கிழியாமல் அன்றே கடைக்காரர் கைக்குப் போய்விட்டது. பிரிவை மாற்றக் கோரும் மனுவை இப்போது தயார் செய்கிறார்.

கட்டணமா? ஒரு பைசா இல்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தோம். மாமா மட்டும் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.