ஓகஸ்ட் லீவுக்குக் கடற்கரை: சின்னப் பிள்ளைகளோடு எங்கே தங்கலாம்?

தலவாக்கலை டீச்சர்:

வணக்கம். ஓகஸ்ட் விடுமுறையில் மூன்று இரவு கடல் பக்கம் போவதாக வீட்டில் முடிவு. நாங்கள் இரண்டு பேர், மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நான்கு, கூடவே மாமி. மாமிக்கு முழங்கால் வருத்தம், படி ஏற ஏலாது. வெள்ளிக்கிழமையில் மரக்கறிதான். 2004 சுனாமிக்குப் பிறகு கடல் என்றாலே பயம் வேறு. மகன் இன்னும் கடலையே பார்த்ததில்லை. மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தைக் காட்டி "இதுதானே கடல்?" என்று கேட்கிற ஆள்.

இவர் தெற்கே உனவட்டுன என்கிறார், கூட வேலை செய்பவர் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு. தங்கச்சி கிழக்கே பாசிக்குடா என்கிறாள். எனக்குத் திருகோணமலைப் பக்கம் நிலாவெளி ஆசை, அப்படியே அங்கே கோணேஸ்வரமும் கும்பிட்டுவிடலாம். பெரிய ஹோட்டலா, கெஸ்ட் ஹவுஸா, முழு வீடாக எடுப்பதா? படங்களைப் பார்த்தால் எல்லா இடத்திலும் ஒரே நீல நீச்சல் தடாகம், கட்டிலில் துவாயால் செய்த அன்னம். ஒன்றும் விளங்கவில்லை.

பண்டாரவளை வேன்காரன்:

டீச்சர், மலைநாட்டுக் குடும்பங்களைக் கடலுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவதுதான் என் பிழைப்பு. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சாரிடம் சொல்லுங்கள், ஓகஸ்டில் உனவட்டுன வேண்டாம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. ஹட்டனையும் நோர்வூட்டையும் நனைத்து எடுக்கிற அதே காற்றுதான் தெற்குக் கடலையும் கிளப்பிவிடுகிறது. காசு கட்டிப் போய், சிவப்புக் கொடியைப் பார்த்துக்கொண்டு ரூமில் இருக்க வேண்டி வரும். நடுவில் மலை மறிப்பதால் அந்த மாதங்களில் கிழக்குக் கரையில் கடல் அமைதி. ஆகவே போட்டி பாசிக்குடாவுக்கும் திருகோணமலைக்கும்தான்.

நான்கு வயதுப் பிள்ளைக்கு நான் பாசிக்குடாதான் சொல்வேன். அங்கே முருகைக்கல் திட்டு அலையை வெளியிலேயே உடைத்துவிடும். பெரிய ஆள் ஒருவர் வெகுதூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. நிலாவெளி அழகுதான், ஆனால் சில இடங்களில் தரை சீக்கிரம் இறங்கிவிடும். இரண்டு இடத்திலும் பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஊர் ஓயாவில், அதாவது ஆற்றில், குளித்த தைரியத்தில் நம் ஆட்கள் கடலில் இறங்குவார்கள். ஓயாவில் கரை பக்கத்திலேயே இருக்கும், கடலில் அப்படியில்லை.

பாசிக்குடாவில் குடாவைச் சுற்றி வரிசையாக நிற்பவை பெரிய ஹோட்டல்கள், அநேகமாகப் போர் முடிந்த பிறகு வந்தவை. கல்குடா பக்கம் போனால் சிறிய கெஸ்ட் ஹவுஸ்கள், விலை குறைவு, ஆனால் கடலுக்கு நடக்க வேண்டும். மாமியை நினைத்துப் பாருங்கள். "கடலுக்குப் பக்கம்" என்று எல்லோரும்தான் போடுகிறார்கள். போன் எடுத்து, "கேட்டிலிருந்து தண்ணீருக்கு எத்தனை நிமிடம், வழி மணலா சீமெந்தா?" என்று கேளுங்கள். மத்தியான மணலில் வயதானவர் நடக்க முடியாது.

போன் எடுத்ததும் கீழ்த்தட்டு ரூம் வேண்டும் என்று சொல்லி, புக்கிங்கிலும் எழுத வையுங்கள். வாயால் சொன்னது அங்கே போய்ச் சேரும்போது மேல்மாடியாகிவிடும். கீழ்த்தட்டில் இன்னொரு விஷயம் இருக்கிறது. நிறைய ரூம்களில் பின்பக்கக் கண்ணாடிக் கதவு நேராகப் புல்வெளிக்கோ தடாகத்துக்கோ திறக்கும். விடிய ஐந்தரைக்குப் பெரியவர்கள் தூங்கும்போது நாலு வயதுக்காரன் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடுவான். பெரியவர் கைக்கு மட்டும் எட்டுகிற மாதிரி மேலே ஒரு தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பெரிய பேக்கைக் கதவில் சாய்த்துவிட்டுப் படுங்கள். தடாகத்தில் சின்னவர்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறதா, வேலி இருக்கிறதா என்பதையும் விடாதீர்கள். எனக்குக் கடலைவிடத் தடாகம்தான் பயம், ஏனென்றால் அங்கே யாரும் பயப்படுவதில்லை.

ஏசியில் மிச்சம் பிடிக்க வேண்டாம். நம் பிள்ளைகள் ஸ்வெட்டரோடு பள்ளிக்கூடம் போகிறவர்கள், முதல் ராத்திரியே வேர்க்குரு வந்துவிடும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் ரூமுக்கும் ஓடுமா, வாசல் லைட்டுக்கு மட்டுமா என்றும் கேளுங்கள். நுளம்பு வலை அவசியம்.

வேனில் வருவதென்றால் டிரைவருக்கு ரூம் உண்டா என்றும் ஒரு வார்த்தை. சுயநலம்தான். ஒரு ஹோட்டலில் இல்லையென்று சொல்லி, நான் வேனுக்குள் நுளம்போடு விடிய விடிய இருந்தேன். மறுநாள் அந்தக் கண்ணோடு லுணுகலை வளைவில் ஓட்டியது யாருடைய பிள்ளைகளை?

பாதை: நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா, செங்கலடி. செங்கலடியில் வடக்கே திரும்பினால் வாழைச்சேனை, அப்புறம் பாசிக்குடா. பிபிலை வரை வளைவுதான், பிள்ளைகளுக்குச் சாப்பாடு குறைவாகக் கொடுங்கள்.

உப்புவெளிப் பெண், மஸ்கெலியா மருமகள்:

வேன்கார அண்ணன் நிலாவெளியைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் நடுவில் எங்கள் ஊர் இருக்கிறதே! உப்புவெளி திருகோணமலை டவுனிலிருந்து ஓட்டோவில் போகிற தூரம்.  டவுன் பக்கம் என்பதால் பாமசி, ஆஸ்பத்திரி, மரக்கறிக் கடை எல்லாம் கிட்ட. அக்கா, மாமியோடு வருகிறீர்கள் என்றால் இதுதான் பெரிய விஷயம்.

பெரிய ஹோட்டலில் அரை போர்ட் என்று ராத்திரிச் சாப்பாட்டையும் சேர்த்தே விலை போடுவார்கள். வெள்ளிக்கிழமை மாமி அந்த பஃபேயில் என்ன எடுப்பார்? பருப்பும் சலாதும்தான். குசினியோடு இரண்டு ரூம் வீடு எடுத்தால் ஒரு சோறு, ஒரு குழம்பு, முடிந்தது. கேஸ் அடுப்பு, சோற்றுப் பானை, தேங்காய் துருவி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எடுங்கள். "குசினி" என்று சொல்லி ஒரு கேத்தலை மட்டும் வைத்திருக்கிற இடமும் உண்டு. குழாய்த் தண்ணீர் சவராக இருந்தால் குடிக்கவும் தேத்தண்ணீருக்கும் போத்தல் தண்ணீர்தான். நம் வீட்டுத் தேயிலை கொண்டுவந்து சவர்த் தண்ணீரில் போட்டால் மாமி உங்களோடு பேசமாட்டார்.

விடியக் காலையில் கரைவலை இழுப்பார்கள். இரண்டு பக்கமும் கயிற்றை இடுப்பில் கொழுவிப் பின்னாலே நடந்து நடந்து வருவார்கள், பிள்ளைகளும் கயிறு பிடித்தால் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மடி கரைக்கு வந்ததும் சூடையும் நெத்தலியும் துடிக்கும். அங்கேயே வாங்கி வந்து பொரிக்கலாம், வெள்ளிக்கிழமை தவிர.

கோணேஸ்வரத்துக்குக் கோட்டைக்குள்ளால் போகும்போது மான்கள் நிற்கும், மகனுக்குக் கடலைவிட அதுதான் பிடிக்கும் பாருங்கள். மேட்டுக்கு மாமியை ஓட்டோவில் ஏற்றுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் கிட்டத்தான். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. வாளியால் அள்ளித்தான் குளிக்க வேண்டும், முழங்காலுக்கு இதம் என்று மாமி அந்த இடத்தை விட்டு வரமாட்டார். புறாத்தீவுக்குப் படகில் போவதென்றால் மகள் அளவுக்கு லைஃப் ஜக்கெட் இருக்கிறதா என்று ஏறுவதற்கு முன் பாருங்கள். சின்னவனை இந்தமுறை விட்டுவிடுங்கள்.

தலவாக்கலை டீச்சர்:

இரண்டு பேருக்கும் நன்றி. உப்புவெளிக்காரரே, உங்களைத் தங்கச்சி என்று கூப்பிடலாம்தானே? குசினி என்றதும் எனக்கு ஒரு யோசனை. லீவிலும் நானே சமைப்பதா? இவரிடம் காட்டினேன். "நான் சமைக்கிறேன்" என்றார். சிரிப்புத்தான் வந்தது. எதற்கும் எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறேன். அப்போ உப்புவெளி. கீழ்த்தட்டு வீடு, குசினி, ஏசி. புக்கிங் ஆப்பில் டொலரில் விலை காட்டுகிறதே, அதையே கட்ட வேண்டுமா?

பண்டாரவளை வேன்காரன்:

வேண்டாம். நேரே போன் பண்ணி, உள்ளூர்க்காரர் விலை கேளுங்கள். அடையாள அட்டையைக் காட்டச் சொல்வார்கள், எல்லோருடையதையும் எடுத்துப் போங்கள். பிள்ளைகளுக்கு எந்த வயது வரை இலவசம், எது வரை பாதி என்பது இடத்துக்கு இடம் மாறும். வயதைச் சரியாகச் சொல்லிக் கேளுங்கள். முற்பணம் அனுப்பினால் ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புவெளி என்றால் பாதையும் மாறும். கண்டி, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய். கண்டியிலிருந்தே ஏறத்தாழ 180 கிலோமீற்றர். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவில் பொழுது சாய்ந்தால் யானை ரோட்டுக்கு வரும். விடியமுன் வெளிக்கிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே அந்தத் துண்டைத் தாண்டிவிடுங்கள்.

லிந்துலை தம்பி:

டீச்சரின் கேள்விக்குள் என் கேள்வியும். எங்களுக்கு டிசம்பரில்தான் லீவு கிடைக்கும். அப்போதும் உப்புவெளியா?

பண்டாரவளை வேன்காரன்:

இல்லை தம்பி, டிசம்பரில் கிழக்கில் மழையும் பெரிய கடலும். அப்போதுதான் டீச்சரின் சாருடைய உனவட்டுன. பெந்தோட்டையும் பார்க்கலாம். ஆனால் அது வெளிநாட்டுக்காரர் சீசன், விலை ஏறும், ரூம் கிடையாது. இப்போதே போன் எடுங்கள்.