நட்டு முடுக்கிய முன்சக்கரத்தைக் குயிக் ரிலீஸாக மாற்ற முடியுமா? உதவி தேவை

மலையேறி:
வணக்கம். என்னிடம் 26 இன்ச் கியர் சைக்கிள் ஒன்று இருக்கிறது. பின்னால் ஏழு கியர், ஃப்ரீவீல் வகை (பல்சக்கரக் கொத்து முழுதும் ஹப்பின் மேல் திருகி ஏறுவது). முன்னால் சஸ்பென்ஷன் இல்லாத சாதாரண ஃபோர்க், ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக். இரண்டு சக்கரமும் நட்டுப் போட்டு முடுக்கியவை. மதுரையிலிருந்து காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய், சிறுமலை அடிவாரத்தில் இறக்கி மேலே மிதிப்பது என் ஞாயிற்றுக்கிழமை வழக்கம். கார் சின்னது. பின்சீட்டை மடக்கினாலும் முன்சக்கரத்தைக் கழற்றினால்தான் சைக்கிள் உள்ளே போகும். ஒவ்வொரு தடவையும் ஸ்பேனர் தேடி, நட்டைக் கழற்றி, உருண்டு போன வாஷரைப் பொறுக்கி என்று நேரம் போகிறது. நட்டின் முனைகளும் மழுங்க ஆரம்பித்துவிட்டன.

கடையில் கேட்டால் புதுச் சக்கரமே வாங்கிவிடுங்கள் என்கிறார்கள். ஆனால் என் ஹப் நன்றாக ஓடுகிறது, ரிம்மில் கோட்டமும் இல்லை. ஆக்சிலை மட்டும் மாற்றி இரண்டு சக்கரத்துக்கும் குயிக் ரிலீஸ், அதாவது ஸ்பேனர் இல்லாமல் லீவரால் கழற்றும் வகை, போட முடியுமா? என்னென்ன வாங்க வேண்டும்?

பழைய_ஸ்போக்:
முன்சக்கரத்துக்குப் பெரும்பாலும் முடியும் தம்பி. பின்சக்கரத்தைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது இருப்பது திட ஆக்சில். அது ஃபோர்க்கைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதன் மேல் நட்டு ஏறும். குயிக் ரிலீஸ் ஆக்சில் உள்ளே துளை உள்ள குழாய். அதன் வழியாக 5 மி.மீ. கம்பி ஒன்று போகிறது. கம்பியின் ஒரு முனையில் லீவர், மறுமுனையில் கையால் திருகும் நட்டு. லீவரை மடக்கும்போது உள்ளே இருக்கும் கேம் (மையம் தள்ளிய வட்டு) கம்பியை இழுத்து, ஃபோர்க்கின் இரண்டு காதுகளையும் (ஆக்சில் உட்காரும் கீழ்முனைத் தகடுகள்) இரண்டு பக்கமிருந்தும் நெருக்குகிறது. சக்கரத்தைப் பிடித்து வைப்பது இந்த நெருக்கல் மட்டுமே. இது மனத்தில் இருந்தால் மற்ற கணக்கெல்லாம் தானாகப் புரியும்.

ஒரு வெர்னியர் காலிப்பர் இரவல் வாங்கி இவற்றை அளந்து சொல்லுங்கள்: ஆக்சில் மரையின் வெளி விட்டம், ஹப்பின் இரண்டு லாக் நட்டுகளின் வெளி முகங்களுக்கு இடையே உள்ள தூரம், ஃபோர்க் காதில் ஆக்சில் உட்காரும் காடியின் அகலம், அந்தக் காதுத் தகட்டின் தடிமன். தடிமனை மட்டும் விட்டுவிடாதீர்கள். பலரும் அதை அளக்காமல் பொருளை வாங்கிவிட்டு, லீவரை எவ்வளவு இறுக்கினாலும் சக்கரம் ஆடுகிறது என்று வருகிறார்கள். ஃபோர்க்கில் காந்தம் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள்.

மலையேறி:
அளந்துவிட்டேன் அண்ணா. ஆக்சில் 7.9. லாக் நட்டுக்கு லாக் நட்டு சரியாக 100. காடி 8.2 மி.மீ. காதுத் தகடு 4 மி.மீ. காந்தம் பளிச்சென்று ஒட்டுகிறது.

பழைய_ஸ்போக்:
7.9 என்றால் 5/16 அங்குல ஆக்சில். விலை குறைந்த சைக்கிள்களின் முன்சக்கரத்தில் அதுதான் இருக்கும். குயிக் ரிலீஸ் முன் ஆக்சில் 9 மி.மீ. தடிமன், மரை 1 மி.மீ. இடைவெளி. ஆகவே உங்கள் பழைய கோன் (பால்ரஸ் குண்டுகளை உள்ளிருந்து தாங்கும் கூம்பு நட்டு), அதை அசையாமல் பிடிக்கும் லாக் நட்டு எதுவும் புது ஆக்சிலில் ஏறாது. கோன், வாஷர், லாக் நட்டு, கம்பி எல்லாம் சேர்ந்த முழு செட்டாகக் கேளுங்கள். ஹப்புக்குள் பால்ரஸ் உட்காரும் கிண்ணம் அப்படியே இருக்கும். அதனால் புதுக் கோன் அந்தக் கிண்ணத்துக்குப் பொருந்துகிறதா என்பதுதான் கடையில் பார்க்க வேண்டிய விஷயம்.

பழைய கோனைக் கையில் கொண்டு போங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, பால்ரஸ் ஓடும் அந்த வளைவு ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். புதுக் கோன் தடிமனாக இருந்தால் ஹப்பின் தூசி மூடியில் உரசும், அதையும் வைத்துப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் புதுக் கோனில் மார்க்கர் மையைத் தடவி, பால்ரஸோடு கோர்த்துக் கொஞ்சம் சுற்றுங்கள். பால்ரஸ் ஓடிய தடம் வளைவின் நடுவில் விழுந்தால் நல்லது. விளிம்பில் விழுந்தால் அந்தக் கோன் வேண்டாம், சீக்கிரமே குழி விழும். பால்ரஸையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். முன் ஹப்பில் வழக்கமாக 3/16 அங்குலம், பக்கத்துக்குப் பத்து.

அடுத்தது நீளம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் 108 மி.மீ. ஆக்சில். அதில் 100 ஹப்புக்குப் போனால் மீதி 8, பக்கத்துக்கு 4. உங்கள் காதுத் தகடும் 4. அதாவது ஆக்சிலின் முனையும் காதின் வெளி முகமும் ஒரே மட்டத்தில் நிற்கும். இது கூடாது. பெயிண்ட் கொஞ்சம் தேய்ந்தாலே கம்பி ஆக்சிலின் முனையைத்தான் நெருக்கும், காதை நெருக்காது. கைக்கு லீவர் இறுக்கமாகத் தெரியும், ஆனால் சக்கரத்தைப் பிடித்திருப்பது எதுவும் இருக்காது. ஆக்சிலின் முனை காதின் வெளி முகத்தைவிட உள்ளடங்கித்தான் இருக்க வேண்டும். உங்களுக்குப் பக்கத்துக்கு 1 மி.மீ. குறைத்து, மொத்தம் 106 ஆக்கினால் போதும். காதுக்குள் 3 மி.மீ. நீளம் ஆக்சில் உட்காரும்.

பட்டறைக்காரர்:
சார், நான் பட்டறை வைத்திருக்கிறேன், செய்முறையைச் சொல்கிறேன். ஆக்சிலை அறுக்க வேண்டாம், 1 மி.மீ.தானே, அரத்தாலேயே ராவிவிடலாம். ராவுவதற்கு முன்னால் ஒரு லாக் நட்டை மரையில் நன்றாக உள்ளே ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். ராவி முடித்தபின் அதை வெளியே கழற்றும்போது முனையில் மடிந்த மரையை அதுவே சரி செய்துவிடும். வைஸில் நேரடியாகப் பிடித்தால் மரை நசுங்கும், இரண்டு பக்கமும் மரத்துண்டு கொடுத்துப் பிடியுங்கள். இரும்புத் தூள் ஒன்றுகூட ஹப்புக்குள் போகக்கூடாது, ஆக்சிலை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த பிறகு கிரீஸ் வையுங்கள்.

இன்னொரு வேலை இருக்கிறது. 8.2 காடியில் 9 மி.மீ. ஆக்சில் போகாது. இரும்பு ஃபோர்க் என்பதால் காடியையும் ராவலாம். அலுமினியக் காதாக இருந்தால் நான் கை வைக்க மாட்டேன். பக்கத்துக்கு அரை மி.மீ.கூட வராது, ஆனால் இரண்டு காதிலும் ஒரே அளவு ராவ வேண்டும். காடியின் மேல்முனையில் ஆக்சில் முட்டி உட்காரும் வளைவு இருக்கிறதல்லவா, அங்கே ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்துவிட்டால் சக்கரம் சாய்ந்து நிற்கும். ஹப் அகலம் 100 மி.மீ.தான். ஒரு காது 1 மி.மீ. உயர்ந்தால், 28 செ.மீ. மேலே பிரேக் கட்டை பிடிக்கும் இடத்தில் ரிம் கிட்டத்தட்ட 3 மி.மீ. நகர்ந்துவிடும். அதனால் கொஞ்சம் ராவுவது, சக்கரத்தைப் போட்டுப் பார்ப்பது, திரும்பக் கொஞ்சம் ராவுவது என்று போங்கள். சக்கரத்தைத் திருப்பிப் போட்டும் பாருங்கள். எப்படிப் போட்டாலும் ரிம் ஒரே பக்கம் ஒதுங்கினால் ஃபோர்க்கில் கோளாறு. திருப்பும்போது ஒதுக்கமும் பக்கம் மாறினால் சக்கரத்தில்தான் வேலை இருக்கிறது. ராவிய இடத்தில் பெயிண்ட் போயிருக்கும், துரு பிடிக்காமல் லேசாக ஒரு கோட் அடித்துவிடுங்கள்.

மலையேறி:
மிக்க நன்றி சார். பின்சக்கரத்துக்கும் இதே மாதிரி செய்துவிடலாமா? அதில் கியர் மாற்றும் டிரெய்லியர் ஒரு தனித் தகட்டில் தொங்குகிறது. அந்தத் தகட்டை ஆக்சில் நட்டும் ஒரு சின்ன ஸ்க்ரூவும் சேர்ந்து பிடித்திருக்கின்றன.

பழைய_ஸ்போக்:
அப்படியென்றால் பின்னால் மாற்ற வேண்டாம் என்பதுதான் என் கருத்து. நட்டு அங்கே இரண்டு வேலை செய்கிறது, சக்கரத்தையும் பிடிக்கிறது, அந்தத் தகட்டையும் பிடிக்கிறது. அந்த மாதிரி ஃபிரேமில் காடி பெரும்பாலும் படுக்கைவாட்டில் இருக்கும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் செயின் வலப்பக்க ஆக்சிலை முன்னால் இழுக்கும், டயர் ஃபிரேமில் உரசும். சிறுமலை ஏறும் ஆளுக்கு இது சும்மா சொல்வதல்ல. கேம் மூடியிருக்கும் வகை, இரும்புப் பல் முகம் உள்ள நல்ல கம்பி போட்டால் நிற்கும். ஆனால் மலிவு செட்டில் வருவது அலுமினிய முகமும் திறந்த கேமும். அதை நம்பி ஏற்றத்தில் மிதிக்க முடியாது.

போதாததற்கு, ஏழு கியர் ஃப்ரீவீல் ஹப்பில் வலப்பக்க பேரிங் ஃப்ரீவீலுக்கு உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கிருந்து ஃபிரேம் வரை ஆக்சில் தாங்கலே இல்லாமல் நீண்டு போகிறது. ஆக்சில் வளைவதும் முறிவதும் அந்த இடத்தில்தான். காரில் ஏற்ற முன்சக்கரம் கழன்றால் போதும் என்று நீங்களே சொல்கிறீர்கள். பின்சக்கரத்தில் பஞ்சர் வந்தால்தான் கழற்ற வேண்டும். சீட்டுப் பையில் 15 மி.மீ. ஸ்பேனர் ஒன்று போட்டு வையுங்கள்.

காலை_மிதி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் சைக்கிளில் முன்னால் டிஸ்க் பிரேக், நட்டுப் போட்ட சக்கரம். எனக்கும் இது ஒத்துவருமா?

பழைய_ஸ்போக்:
உங்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். ரிம் பிரேக் பிடித்தால் ஆக்சில் காடிக்குள் மேலே அழுந்தும். டிஸ்க் பிரேக்கில் காலிப்பர் இடக்காலின் பின்புறம் இருப்பதால், பிடிக்கும்போது ஆக்சிலைக் காடியிலிருந்து வெளியே தள்ளும் விசை வருகிறது. குயிக் ரிலீஸுக்கென்று செய்த டிஸ்க் ஃபோர்க்கில் காதின் வெளி ஓரத்தில் சின்ன உதடு மாதிரி மேடு இருக்கும், கம்பி தளர்ந்தாலும் சக்கரம் உடனே விழாமல் அது தடுக்கும். உங்கள் ஃபோர்க்கில் அந்த மேடு இல்லையென்றால் நட்டையே வைத்துக்கொள்ளுங்கள்.

லீவரும் டிஸ்க்கில் மாட்டக்கூடாது. 2015இல் ட்ரெக் நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் சுமார் 9 லட்சம் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது இதற்காகத்தான். சரியாக மூடாத லீவர் முழுதாகத் திறந்து, சுழலும் டிஸ்க்குக்குள் போய் மாட்டிக்கொள்ளும் ஆபத்து இருந்தது. திறந்த லீவருக்கும் டிஸ்க்குக்கும் நடுவே குறைந்தது 6 மி.மீ. இடைவெளி வேண்டும் என்பது அப்போது சொன்ன அளவு. ஒரு பென்சில் நுழைய வேண்டும்.

வைகைக்கரை:
பழைய 28 இன்ச் கருப்பு சைக்கிளில் போடலாமா? அப்பாவுடையது, இன்னும் ஓட்டுகிறேன்.

பட்டறைக்காரர்:
வேண்டாம் சார். பின்னால் ஸ்டாண்டு, கேரியர் கம்பி, மட்கார்டு கம்பி எல்லாமே அந்த ஆக்சிலில்தான் தொங்குகின்றன. குயிக் ரிலீஸ் போட்டால் அவற்றை மாட்ட இடம் கிடையாது. அந்த வண்டியை அதன் போக்கிலேயே நன்றாக வைத்திருங்கள்.

மலையேறி:
செட் வாங்கி மாட்டிவிட்டேன். கோன் பொருந்தியது, காடியும் பட்டறைக்காரர் சார் சொன்னபடி ராவியாகிவிட்டது, சக்கரம் நேராக நிற்கிறது. ஒரே ஒரு சிக்கல். சக்கரத்தைக் கையில் பிடித்துச் சுற்றினால் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது, ஆட்டமே இல்லை. ஃபோர்க்கில் போட்டு லீவரை மடக்கியதும் கரகரவென்று இறுகி, சீக்கிரமே நின்றுவிடுகிறது. கோன் மாற்ற வேண்டுமா?

பழைய_ஸ்போக்:
கோன் நன்றாகத்தான் இருக்கிறது, அட்ஜஸ்ட்மென்ட்தான் வேண்டும். லீவர் இறுகும்போது துளை உள்ள ஆக்சில் கொஞ்சமே கொஞ்சம் சுருங்கும், இரண்டு கோன்களும் நெருங்கிவரும். வெளியே ஆட்டமில்லாமல் வைத்தால் உள்ளே பால்ரஸ் நசுங்கும். அதனால் சக்கரம் கையில் இருக்கும்போது விரலுக்குத் தெரியும் அளவு துளி ஆட்டம் விட வேண்டும். கோன் ஸ்பேனரால் கோனைப் பிடித்துக்கொண்டு லாக் நட்டைத் தளர்த்துங்கள். கோனை ஒரு சுற்றில் பதினாறில் ஒரு பங்கு போலப் பின்னால் எடுத்து, திரும்ப லாக் செய்யுங்கள். மாட்டி, லீவரை மடக்கி, ரிம்மைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் சரியாக மறையும் இடம்தான் சரியான இடம்.

லீவரை மூடும் முறையும் சொல்லிவிடுகிறேன். அதை நட்டு மாதிரி சுற்றி முடுக்கக்கூடாது, மடக்க வேண்டும். லீவர் ஃபோர்க்கிலிருந்து நேராக வெளியே நீட்டி நிற்கும் நிலையில் எதிர்ப்பு ஆரம்பிக்க வேண்டும். அங்கிருந்து முழுதாக மடக்கினால் உள்ளங்கையில் தடம் பதிய வேண்டும். லேசாக மடங்கினால் எதிர்ப்பக்க நட்டைக் கொஞ்சம் திருகிவிட்டுத் திரும்ப மடக்குங்கள். லீவர் இடப்பக்கம் இருக்கட்டும், கூம்பு ஸ்பிரிங்கின் குறுகிய முனை ஹப்பைப் பார்க்கட்டும்.

கம்பன்யோலோ என்ற இத்தாலியப் பந்தயக்காரர் உருவாக்கியதாகச் சொல்லப்படும் அமைப்பு இது. அந்தக் காலப் பந்தயங்களில் கியர் மாற்றவே பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டியிருந்தது. குளிரில் விறைத்த கையால் நட்டைக் கழற்ற முடியாமல் தவித்தவருக்கு வந்த யோசனை என்று சொல்வார்கள். கேம் இவ்வளவு பலமாக நெருக்கும்படி அமைந்திருப்பதால்தான் வெறும் கையால் மூடும் லீவர் சக்கரத்தைப் பிடித்து நிற்கிறது.

மலையேறி:
சரியாகிவிட்டது அண்ணா. துளி ஆட்டம் விட்டேன், லீவரை மடக்கியதும் மறைந்துவிடுகிறது, சக்கரமும் இழுப்பில்லாமல் ஓடுகிறது. இந்த ஞாயிறு இறக்கத்திலும் பார்த்துவிட்டேன், பிரேக் பிடிக்கும்போது எந்தச் சத்தமும் இல்லை. இனி டீக்கடை வாசலில் நிறுத்தினால் யாராவது சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்களோ என்பதுதான் பயம்.

பட்டறைக்காரர்:
கேபிள் பூட்டை ஃபிரேமுக்கும் முன்சக்கரத்துக்கும் சேர்த்துப் போடுங்கள் சார். திரும்பி வந்ததும் கிளம்புவதற்கு முன் லீவரைத் தொட்டுப் பார்த்துவிடுங்கள், போகிற போக்கில் யாராவது திறந்து விட்டிருக்கலாம்.