மெயின்ஃப்ரேம்ல கன்டெய்னர் வந்தா கோபோல், ஜேசிஎல் ஆளுங்க கதி என்ன?

பேட்ச்_ராத்திரி:
வணக்கம் மக்களே. நான் மெயின்ஃப்ரேம்ல (பேங்க் மாதிரி இடங்கள்ல ஓடுற ஐபிஎம்மோட பெரிய கம்ப்யூட்டர்) கோபோல் ப்ரோக்ராம், ஜேசிஎல் (வேலையை ஓட்டச் சொல்ற ஸ்க்ரிப்ட்), டிபி2 (டேட்டாபேஸ்) பக்கம் வேலை பாக்குற ஆள். கொஞ்ச நாளா எங்க மீட்டிங்ல எதை எடுத்தாலும் டாக்கர், குபர்நெட்டீஸ், ஓப்பன்ஷிஃப்ட்னே பேச்சு, அதாவது ப்ரோக்ராமை அதுக்கு வேண்டியதோட சேர்த்து கன்டெய்னர்ங்கிற பொட்டலமா கட்டி ஓட்டுற சாஃப்ட்வேருங்க. மேனேஜர் "எல்லாத்தையும் கன்டெய்னர்ல போட்டுட்டா மெயின்ஃப்ரேமே வேண்டாம்"ங்கிறார், அடுத்த மீட்டிங்ல இன்னொருத்தர் வந்து "மெயின்ஃப்ரேம்லயே டாக்கர் ஓடும்"ங்கிறார். எனக்கு தலை சுத்துது. நான் எழுதின சிஐசிஎஸ் (ட்ரான்சாக்‌ஷன் ஓட்டுற மெயின்ஃப்ரேம் சாஃப்ட்வேர்) ப்ரோக்ராமை அப்படியே ஒரு கன்டெய்னர்ல போட்டு ஓட்ட முடியுமா முடியாதா? நான் இப்ப டாக்கர் படிக்கணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_சிஸ்ப்ரோக்:
ப்ரோ, அவங்க ரெண்டு பேரும் பேசுறது வேற வேற விஷயம், அதான் குழப்பம்.

முதல்ல லினக்ஸ் பக்கம். மெயின்ஃப்ரேம்ல லினக்ஸ் ஓடுறது ஒண்ணும் புதுசு இல்ல, அதுக்குன்னே ஐஎஃப்எல்னு தனி ப்ராசசரை ஐபிஎம் 2000லயே விட்டுட்டாங்க. அந்த லினக்ஸ்ல கன்டெய்னர் சாதாரணமா ஓடும், ரெட் ஹேட்டை வாங்கி முடிச்ச அடுத்த வருஷம், அதாவது 2020ல, ஓப்பன்ஷிஃப்ட்டும் அங்க வந்துடுச்சு. இதுல உங்க இசட்/ஓஎஸ் (மெயின்ஃப்ரேமோட சொந்த ஆபரேட்டிங் சிஸ்டம்) சம்பந்தமே படல, ஒரே பெட்டிக்குள்ள பக்கத்து எல்பார் (பெட்டியைப் பிரிச்ச ஒரு பகுதி), அவ்வளவுதான்.

அப்புறம் இசட்சிஎக்ஸ், அதாவது இசட்/ஓஎஸ்க்குள்ளயே லினக்ஸ் கன்டெய்னர் ஓட்டுற வசதி. 2019ல இசட்/ஓஎஸ் 2.4 கூட வந்தது, இசட்14 இல்ல அதுக்கு மேல மெஷின் வேணும். சிஐசிஎஸ் மாதிரியே இதையும் ஒரு ஸ்டார்ட்டட் டாஸ்க்கா (பின்னாடி ஓடிட்டே இருக்கிற வேலை) கிளப்பி விடலாம், அந்த அட்ரஸ் ஸ்பேஸுக்குள்ள (அதுக்குன்னு ஒதுக்கின மெமரி இடம்) ஒரு குட்டி லினக்ஸ் உக்காந்துக்கிட்டு டாக்கர் இமேஜை (கன்டெய்னரா ஓட தயாரான பொட்டலம்) ஓட்டும். அதோட டிஸ்க் எல்லாம் விசாம் லீனியர் டேட்டாசெட்தான் (இசட்/ஓஎஸோட ஒரு வகை ஃபைல்). பெரும்பாலான வேலை ஸிப் ப்ராசசர்ல (சாஃப்ட்வேர் லைசன்ஸ் கணக்குல சேராத தனி ப்ராசசர்) ஓடுறதால சாஃப்ட்வேர் பில் ஏறாது, எங்க ஆளுங்க இதை ஒத்துக்கிட்டதுக்கே பாதி காரணம் அதுதான்னு வைங்க.

ஆனா உங்க கேள்விக்கு பதில்: முடியாது. இசட்/ஓஎஸ்க்கு கம்பைல் பண்ண லோட் மாட்யூல் (ஓட தயாரான ப்ரோக்ராம்) அந்த குட்டி லினக்ஸ்க்குள்ள ஓடவே ஓடாது. அங்க ஓடுறது உங்க ப்ரோக்ராமை சுத்தி இருக்கிற மத்த சாமான்: ஏபிஐ சர்வர் (வெளி ப்ரோக்ராம் கூப்பிடுற வாசல்), எம்க்யூ (மெசேஜ் கடத்துறது), மானிட்டரிங், கேஷ் (அடிக்கடி வேணுங்கிற டேட்டாவை கைக்கிட்ட வைக்கிறது) இப்படி. மெயின்ஃப்ரேம் ப்ரோக்ராமை ஏபிஐயா காட்டுற இசட்/ஓஎஸ் கனெக்ட்டோட ஓப்பன்ஏபிஐ 3 (ஏபிஐயை விவரிக்கிற ஸ்டாண்டர்டு) சர்வர் கன்டெய்னராவே வருது, உங்க சிஐசிஎஸ் ட்ரான்சாக்‌ஷன் இருந்த இடத்துலயே இருக்கும், வெளிய இருந்து ரெஸ்ட் கால் (வெப் வழியா வர்ற ரிக்வெஸ்ட்) வந்து அதைத் தட்டும்.

குபே_பையன்:
நான் குபர்நெட்டீஸ் பக்கத்து ஆள், எனக்கு ஒண்ணு புரியல. அந்த ஏபிஐ சர்வரை சாதா எக்ஸ்86 (இன்டெல் வகை) சர்வர் கிளஸ்டர்லயே வச்சிட்டு நெட்வொர்க்ல கூப்பிட்டா போதாதா, எதுக்கு இவ்வளவு விலை உள்ள இரும்புல கொண்டு போய் கன்டெய்னரை ஏத்தணும்? சும்மா விக்கிறதுக்காக சொல்ற கதை மாதிரி இருக்கு.

பழைய_சிஸ்ப்ரோக்:
நிறைய கேஸ்ல போதும் ப்ரோ, ஒத்துக்கிறேன். ஸ்க்ரீன் வரைஞ்சு காட்டுற ஃப்ரன்ட்எண்டை எல்லாம் இங்க கொண்டு வந்தா காசுக்கு கேடு. ஆனா ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு டிபி2வை நாப்பது அம்பது தடவை கூப்பிடுற சர்வீஸ் இருக்கும் பாருங்க, அதுல ஒவ்வொரு காலும் வயரு, ஸ்விட்ச், ஃபயர்வால்னு போய் வந்தா மில்லிசெகண்ட் மில்லிசெகண்டா சேர்ந்து ரெஸ்பான்ஸ் டைமை தின்னுடும். அதையே பக்கத்து எல்பார்ல வச்சா ஹைப்பர்சாக்கெட்ஸ்ங்கிற உள் நெட்வொர்க்ல மெமரி வழியாவே போயிடும், இசட்சிஎக்ஸ்ல வச்சா அதே இசட்/ஓஎஸ்க்குள்ளயே முடிஞ்சது. டேட்டா நகராது, அதனால கோடு அது பக்கத்துல போகுது, இதுதான் மொத்த லாஜிக். டேட்டா அங்க இல்லைன்னா கன்டெய்னருக்கும் அங்க வேலை இல்ல.

எண்டியன்_பிரச்சினை:
டெவலப்பர் பக்கத்து வலியையும் யாராச்சும் சொல்லணும்ல. டாக்கர்னா எங்க வேணா தூக்கிட்டு போய் ஓட்டலாம்னு நினைச்சு சாதா இமேஜை இழுத்தீங்கன்னா "எக்ஸெக் ஃபார்மட் எர்ரர்"னு மூஞ்சில அடிக்கும். ஏன்னா இங்க ப்ராசசர் ஆர்க்கிடெக்சர் எஸ்390எக்ஸ், இமேஜை அதுக்குன்னு பில்ட் பண்ணியிருக்கணும். போஸ்ட்க்ரெஸ், என்ஜின்எக்ஸ் மாதிரி பெரிய ப்ராஜெக்ட் எல்லாம் மல்டி ஆர்க் (பல வகை ப்ராசசருக்கும் சேர்த்து) இமேஜ் போடுறாங்க, அது தானா சரியானதை எடுத்துக்கும். ஜாவா, கோ எல்லாம் பெருசா தொல்லை இல்ல. ஆனா உள்ள நேட்டிவ் லைப்ரரி (ஒரு வகை ப்ராசசருக்குன்னே கம்பைல் பண்ண கோடு) ஏதாவது ஒளிஞ்சிருந்தா செத்தோம். அதுக்கு மேல இது பிக் எண்டியன் (நம்பரோட பெரிய பைட்டை முதல்ல வைக்கிற) மெஷின், எக்ஸ்86 அதுக்கு நேர் எதிர், பைனரி ஃபைலை பைட் பைட்டா படிக்கிற கோடு எக்ஸ்86ல டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகிட்டு இங்க வந்து நம்பரை தலைகீழா படிக்கும். எர்ரர் கூட வராது, தப்பான நம்பர் மட்டும் வரும், அதைத் தேடுறது இருக்கே.

பழைய_சிஸ்ப்ரோக்:
சரியா சொன்னீங்க. ஆபரேஷன்ஸ் பக்கம் இன்னொண்ணு: இசட்சிஎக்ஸ்க்கு கொடுக்கிற மெமரி ஃபிக்ஸ்டு, கொடுத்தா கொடுத்ததுதான், மத்தவங்களுக்கு கிடைக்காது. டபிள்யூஎல்எம் (எந்த வேலைக்கு முன்னுரிமைன்னு பாக்குற இசட்/ஓஎஸ் பகுதி) கண்ணுக்கு அது ஒரே அட்ரஸ் ஸ்பேஸ், உள்ள ஓடுற பத்து கன்டெய்னர்ல எது முக்கியம் எது சும்மான்னு அதுக்கு தெரியாது. அதனால முக்கியமானதை தனி இன்ஸ்டன்ஸ்ல வச்சு நல்ல சர்வீஸ் கிளாஸ் (முன்னுரிமை வகுப்பு) கொடுங்க. பாஸ்வேர்டு, சர்ட்டிஃபிகேட் விஷயத்துல ராக்எஃப் (இசட்/ஓஎஸ் செக்யூரிட்டி சாஃப்ட்வேர்) டீமும் குபர்நெட்டீஸ் டீமும் உக்காந்து பேசலைன்னா ப்ராஜெக்ட் அங்கயே நின்னுடும், டெக்னாலஜியை விட இதுதான் பெரிய தலைவலி.

பேட்ச்_ராத்திரி:
ரொம்ப நன்றிங்க, இப்பதான் படம் கிடைக்குது. அப்ப இசட்/ஓஎஸ் ப்ரோக்ராமே கன்டெய்னர்ல ஓடுற காலம் வராதா?

பழைய_சிஸ்ப்ரோக்:
வந்துட்டே இருக்கு. இசட்/ஓஎஸ் கன்டெய்னர் ப்ளாட்ஃபார்ம்னு ஒண்ணு விட்டிருக்காங்க, அது லினக்ஸ் இல்லாம நேரா இசட்/ஓஎஸ்லயே, யூனிக்ஸ் சிஸ்டம் சர்வீசஸ் (இசட்/ஓஎஸ்க்குள்ள இருக்கிற யூனிக்ஸ் பகுதி) பக்கம் கன்டெய்னர் ஓட்டும். ஆனா 1960கள்ல இருந்து வளர்ந்து வர்ற சிஐசிஎஸ், ஐஎம்எஸ் (அதே மாதிரி இன்னொரு ட்ரான்சாக்‌ஷன், டேட்டாபேஸ் சிஸ்டம்) அப்ளிகேஷனை எல்லாம் அதுக்குள்ள தூக்கிப் போடுவாங்கன்னு நான் நம்பல. அதுங்களுக்கு தேவையான தனிமை, முன்னுரிமை, ரீஸ்டார்ட் எல்லாம் ரீஜன் (ப்ரோக்ராம் ஓடுற தனி இடம்), டபிள்யூஎல்எம், சிஸ்ப்ளெக்ஸ்ல (பல இசட்/ஓஎஸ் சேர்ந்து ஒண்ணா ஓடுறது) ஏற்கனவே இருக்கே, எதுக்கு மாத்தணும்? புதுசா எழுதுறது கன்டெய்னர்ல வரும், பழசு ஏபிஐ வழியா பேசும், ரொம்ப நாளைக்கு இப்படித்தான் போகும்னு தோணுது.

டாக்கர் படிங்க, ஆனா ஆழமா இல்ல: இமேஜ் பில்ட் பண்றது, லாக் பாக்குறது, யாமல் ஃபைல் (செட்டிங்ஸ் எழுதுற ஃபைல்) படிக்கிறது போதும் இப்போதைக்கு. கூடவே ஓப்பன்ஏபிஐ, ஜேசான் (ஏபிஐல டேட்டா அனுப்புற ஃபார்மட்) கத்துக்கோங்க, ஏன்னா உங்க காப்பிபுக்கை (கோபோல்ல ரெக்கார்டோட ஃபீல்டுகளை எழுதி வச்சிருக்கிற ஃபைல்) ஜேசானா மேப் பண்ற வேலை கண்டிப்பா உங்ககிட்டதான் வரும், அந்த ஃபீல்டுல எது என்னன்னு அந்த குபர்நெட்டீஸ் டீம்ல ஒருத்தருக்கும் தெரியாது.

குபே_பையன்:
அதென்னமோ உண்மைதான். எனக்கு காம்ப்-3 (கோபோல்ல நம்பரை சுருக்கி வைக்கிற வகை) ஃபீல்டை யாராச்சும் தனி மெசேஜ்ல விளக்குங்கப்பா 😅