அம்மாவுக்கு ரத்தத்துல யூரியா கம்மின்னு வந்திருக்கு, கிட்னி பிரச்சனையா?

ரங்கூன் பொண்ணு:
வணக்கம். அம்மாவுக்கு 61 வயசு, தீமிதிக்கு விரதம் இருந்து முடிச்சதுல இருந்து ஒரே சோர்வா இருக்குன்னு சொன்னதால ரத்தம் டெஸ்ட் எடுத்தோம், யூரியா 11ன்னு வந்து பக்கத்துல 15-40ன்னு போட்டிருக்கு, கிட்னிக்குப் பாக்குற கிரியாட்டினின் 0.7. பக்கத்து வீட்டு அக்கா கிட்னி போச்சுன்னா இப்படித்தான் வரும்னுட்டாங்க, ராத்திரி பூரா தூக்கமில்ல. திங்கக்கிழமதான் டாக்டர பாக்க முடியும்.

இன்செயின் மாமா:
பயப்படாதம்மா, அவங்க தலைகீழா சொல்லிட்டாங்க. கிட்னி கெட்டா யூரியா ஏறும். சாப்பிடுற புரோட்டீன் உடம்புல உடையும்போது அம்மோனியா வருது, அது விஷம், ஈரல்தான் அத யூரியாவா மாத்துது, கிட்னி ஒண்ணுக்குல வெளியேத்துது. அதனால புரோட்டீன் கொறஞ்சாலும் தண்ணி ரொம்ப குடிச்சாலும் யூரியா இறங்கும். விரதத்துல என்ன சாப்பாடு?

ரங்கூன் பொண்ணு:
ஒரு மாசமா சோறு ரசம் கீரைதான் மாமா, ராத்திரி பழம். வெயிலுக்கு தண்ணி நிறைய குடிப்பாங்க.

மோல்மேன் அக்கா:
தங்கச்சி, ரிப்போர்ட்ல யூரியான்னு இருக்கா பியூஎன்னு இருக்கான்னு பாரு. பியூஎன்ங்கறது யூரியாவுல உள்ள நைட்ரஜன் மட்டும், அத 2.14ஆல பெருக்கினாத்தான் யூரியா வரும், பியூஎன்னுக்கு நார்மலே 7-20, வேற லேப்ல எடுத்த பழைய ரிப்போர்ட்டோட ஒப்பிட்டு வீணா பயந்தவங்கள நான் பாத்திருக்கேன். எனக்கே சின்னவன் வயித்துல இருந்தப்ப கம்மியாத்தான் இருந்துச்சு, மாசமா இருக்கறவங்களுக்கு கிட்னி கூடுதலா வடிகட்டும், அது சகஜம்.

தாட்டன் தம்பி:
அக்கா, ஒண்ணு மட்டும் சொல்லிக்கறேன். எங்கப்பாவுக்கும் யூரியா கம்மி, சாப்பாடுதான் காரணம்னு நாங்களே முடிவு பண்ணி விட்டுட்டோம், கண்ணு மஞ்சளாகி கால் வீங்கினப்புறம்தான் ஈரல் சுருங்கினது தெரிஞ்சுது, ஈரல தாக்குற ஹெபடைட்டிஸ் பி கிருமி ரொம்ப வருஷமா இருந்திருக்கு. யூரியா கம்மியா இருக்கறத வச்சே ஈரல் நோய்னு சொல்ல முடியாது, ஆனா ஈரல் எப்படி இருக்குன்னு காட்டுற ஆல்புமின், பிலிரூபின், எஸ்ஜிபிடி, ஐஎன்ஆர் டெஸ்ட் எல்லாம் பாக்கச் சொல்லி கேளுங்க. மஞ்சள், வீக்கம், பேச்சுல தடுமாற்றம், பகல்லயே தூங்கி விழறது எதாவது இருந்தா திங்கக்கிழம வரைக்கும் காத்திருக்கவே வேணாம், உடனே கூட்டிட்டு போங்க.

இன்செயின் மாமா:
தம்பி சொல்றது சரி. கவிச்சி வேணாம்னா கடலமாவுல செய்யற ஷான் தோஃபு, பருப்பு குடும்மா, அது ரெண்டுலயும் புரோட்டீன் இருக்கு.

ரங்கூன் பொண்ணு:
யூரியான்னுதான் போட்டிருக்கு அக்கா. கண்ணு வெள்ளையாத்தான் இருக்கு, கால் வீக்கமில்ல. ஈரல் டெஸ்டும் கேக்குறேன் தம்பி, உங்கப்பா விஷயத்த சொன்னதுக்கு ரொம்ப நன்றி. இன்னைக்கு காலையில தெருவுல பெப்யோ, அதான் அவிச்ச பட்டாணி, வந்துச்சு, வாங்கி எண்ணெய் வெங்காயம் போட்டு பிசைஞ்சு குடுத்தேன், ரெண்டு வாய் கூடவே சாப்பிட்டாங்க.