டிஎல்டி மாத்திரையோடு ஆன்டாசிட், இரும்புச்சத்து, மெட்ஃபார்மின்: எதை எப்போது போடுவது?

மாத்திரைப்பெட்டி:
வணக்கம். அக்காவுக்கு எச்ஐவிக்கு டிஎல்டி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி. மூன்றும் ஒரே மாத்திரையில், தினம் ஒன்று. நாளை மறுநாள் தொடங்க வேண்டும். ஏற்கெனவே சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் காலையில் 1000, இரவில் 1000 மி.கி. போகிறது. ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை, எலும்புக்குக் கால்சியம், நெஞ்செரிச்சலுக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆன்டாசிட் டானிக் 2 ஸ்பூன். டிஎல்டியை இரவு 9 மணிக்குப் போடலாம் என்று இருக்கிறார்.

இவற்றில் எது எதோடு சேரக்கூடாது? எவ்வளவு இடைவெளி வேண்டும்? ஒரு வேளை தவறிவிட்டாலோ, போட்டதும் வாந்தி எடுத்துவிட்டாலோ என்ன செய்வது?

அளவுகோல்:
முதல் வேலையாக அந்த இரவு 9 மணியை மாற்றச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்குப் பின் ஆன்டாசிட், அடுத்தாற்போல் டிஎல்டி என்று போட்டால் டோலுடெக்ராவிரில் பெரும்பங்கு வீணாகும்.

காரணம் புரிந்தால் விதி தானாக நினைவில் நிற்கும். எச்ஐவி தன் மரபணுவை நம் செல்லின் டிஎன்ஏவுக்குள் செருக இன்டக்ரேஸ் என்ற நொதி வேண்டும். அந்த நொதி வேலை செய்யும் இடத்தில் மக்னீசிய அயனிகள் இருக்கின்றன. டோலுடெக்ராவிர் அந்த மக்னீசியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் நொதியை முடக்குகிறது. உலோகத்தைப் பிடிக்கும் இதே குணம் குடலிலும் வேலை செய்யும். ஆன்டாசிட்டில் இருக்கும் அலுமினியமும் மக்னீசியமும் அங்கே இருந்தால் மருந்து அவற்றோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குப் போகாமல் அப்படியே வெளியேறிவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்தால் ரத்தத்தில் சேரும் டோலுடெக்ராவிர் சுமார் 74 சதவீதம் குறைகிறது. வெறும் வயிற்றில் இரும்போடு போட்டால் 54, கால்சியத்தோடு 39 சதவீதம் குறைகிறது.

அதனால் ஆன்டாசிட் விதி இது: டிஎல்டி போட்டு 2 மணி நேரம் கழித்து ஆன்டாசிட் குடிக்கலாம். ஆன்டாசிட் முதலில் குடித்துவிட்டால் டிஎல்டிக்கு 6 மணி நேரம் காத்திருக்க வேண்டும். கடிகாரத்தில் வைத்துப் பாருங்கள். டிஎல்டி இரவு 9 மணி என்றால் பிற்பகல் 3 முதல் இரவு 11 வரை ஆன்டாசிட்டைத் தொடக்கூடாது. நெஞ்செரிச்சல் வரும் நேரமே அதுதான். காலை 8 மணிக்கு மாற்றினால் காலை 10 முதல் நள்ளிரவு தாண்டி 2 மணி வரை எப்போது வேண்டுமானாலும் குடிக்கலாம். டோலுடெக்ராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதாலும் காலை நேரமே நல்லது.

கால்சியத்துக்கும் இரும்புக்கும் ஒரு சலுகை உண்டு. சாப்பாட்டோடு சேர்த்தால் டிஎல்டியையும் அவற்றையும் ஒரே நேரத்தில் போடலாம். வெறும் வயிறு என்றால் அதே 2, 6 மணி நேரக் கணக்குதான்.

மெட்ஃபார்மினை நாளையே கவனியுங்கள். சிறுநீரகம் மெட்ஃபார்மினை வெளியேற்றும் வழியை டோலுடெக்ராவிர் அடைக்கிறது. ரத்தத்தில் மெட்ஃபார்மின் சுமார் 79 சதவீதம் கூடுகிறது. இரண்டும் சேரும்போது ஒரு நாளைக்கு மொத்தம் 1000 மி.கி.க்குள் நிறுத்துவதுதான் வழக்கம். அக்கா 2000 எடுக்கிறார். தானாகக் குறைக்க வேண்டாம், டிஎல்டியையும் தள்ளிப்போட வேண்டாம். சர்க்கரைக்குப் பார்க்கும் மருத்துவரை அழைத்து, "டோலுடெக்ராவிர் தொடங்குகிறோம், மெட்ஃபார்மின் 2000 போகிறது" என்று இந்த இரண்டையும் சொல்லுங்கள். அளவைக் குறைத்த பிறகு சர்க்கரை ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் வேறு மருந்து சேர்ப்பார்.

தராசு:
மேலே சொன்னதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், பலர் தடுமாறும் இடம் இது. "சாப்பாட்டோடு போட்டால் சரி" என்பது கால்சியத்துக்கும் இரும்புக்கும் மட்டும். ஆன்டாசிட்டைச் சாப்பாட்டோடு குடித்தாலும் இடைவெளி விட்டே ஆக வேண்டும். அல்சருக்குத் தரும் சுக்ரால்ஃபேட்டிலும் அலுமினியம் இருப்பதால் அதற்கும் இதே விதி. ஒமெப்ரசோல், ஃபாமோடிடின் போன்றவை அமிலம் சுரப்பதைத்தான் குறைக்கின்றன, அவற்றில் உலோகம் இல்லை. டோலுடெக்ராவிரோடு அவற்றால் தொந்தரவு இல்லை. தினமும் ஆன்டாசிட் தேவைப்படுகிறது என்றால் அவற்றில் ஒன்றுக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

சத்து மாத்திரைகளின் லேபிளையும் படியுங்கள். முன்பக்கம் "வைட்டமின்" என்று மட்டும் இருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் துத்தநாகம், இரும்பு, மக்னீசியம் எல்லாம் வரிசையாக இருக்கும்.

மணிக்கூண்டு:
தவறிய வேளை பற்றி: நினைவு வந்ததும் போட வேண்டும். அடுத்த வேளைக்கு 4 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் மட்டும் அதை விட்டுவிட்டு, அடுத்ததை அதன் நேரத்தில் போட வேண்டும். காலை 8 மணி மாத்திரை மாலை 6 மணிக்கு நினைவு வந்தால் அப்போதே போட்டுவிட்டு, மறுநாள் வழக்கம்போல் 8 மணிக்கு. விடியற்காலை 5 மணிக்குத்தான் நினைவு வந்தது என்றால் 8 மணிக்கு ஒன்று மட்டும். எந்த நிலையிலும் ஈடுகட்ட இரண்டு சேர்த்துப் போடக்கூடாது.

விழுங்கி 1 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு மாத்திரை போட வேண்டும். அதற்கு மேல் ஆகிவிட்டால் தேவையில்லை. நாள்தோறும் வாந்தி என்றால் சிகிச்சை மையத்துக்குப் போன் செய்யுங்கள். மெட்ஃபார்மின் கூடினாலும் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரும்.

டோலுடெக்ராவிரில் பாதி ரத்தத்திலிருந்து போக சுமார் 14 மணி நேரம் ஆகும். அதனால் ஒரு நாள் சில மணி நேரம் தாமதமானதற்குப் பயந்து போக வேண்டாம். அடிக்கடி விழும் இடைவெளிதான் கெடுதல். மருந்து பாதி அளவில் இருக்கும்போது வைரஸ் பெருகிக்கொண்டே இருக்கும், அந்த மருந்துக்கு அடங்காத வகை மட்டும் தப்பிப் பிழைக்கும். லாமிவுடினுக்கு அடங்காமல் போக வைரஸில் ஒரே ஒரு மாற்றம் போதும். டோலுடெக்ராவிரை மீறுவது வைரஸுக்குக் கடினம். அந்தத் தெம்பில் அசட்டையாக இருந்துவிடக்கூடாது.

"இன்றைக்குப் போட்டேனா, இல்லையா?" என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். 30 மாத்திரைப் பாட்டிலை மாதம் 1ஆம் தேதி தொடங்கினால் கணக்கு எளிது. 11ஆம் தேதி காலை மாத்திரை போட்ட பிறகு உள்ளே 19 இருக்க வேண்டும். 20 இருந்தால் இன்னும் போடவில்லை, அல்லது நடுவில் ஒரு நாள் விட்டிருக்கிறது. சந்தேகத்தில் இன்னொன்று விழுங்குவதற்கு முன் கொட்டி எண்ணிப் பாருங்கள்.

மருந்து வேலை செய்கிறதா என்பதை வைரல் லோட் பரிசோதனை, அதாவது ரத்தத்தில் எச்ஐவி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனை சொல்லும். தொடங்கி 6ஆம் மாதம், 12ஆம் மாதம், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை என்பது பொதுவான முறை. ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் 1000 பிரதிகளுக்கு மேல் இருந்தால் மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஆன்டாசிட் இடைவெளியும் அந்தக் கேள்விக்குள் அடக்கம். கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு வழியாக இன்னொருவருக்குத் தொற்றாது. இதை அக்காவிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மாத்திரைப்பெட்டி:
மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். மூட்டு வலிக்கு அவ்வப்போது டைக்ளோஃபெனாக் போடுவார். ரத்தப் பரிசோதனையில் ஹெபடைட்டிஸ் பி இருப்பதாகவும் வந்திருக்கிறது. ஏதாவது மாற வேண்டுமா?

வெள்ளைத்தாள்:
இரண்டுமே முக்கியமான கேள்விகள்.

டெனோஃபோவிர் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது, சிலருக்குச் சிறுநீரக நுண்குழாய்களைப் பாதிக்கும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகை வலி மாத்திரைகளை அதிக அளவிலோ பல நாள் தொடர்ந்தோ சேர்த்தால் சிறுநீரகம் திடீரென்று பழுதாகும் ஆபத்து கூடுகிறது. சர்க்கரை நோயும் இருப்பதால் அக்கா இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பாராசிட்டமால் போதுமா என்று மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்வது நல்லது. கல்லீரல் தொற்றும் இருப்பதால் பாராசிட்டமாலுக்கும் அவர் சொல்லும் உச்ச அளவு என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நான்கு வாரத்தில் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) கொஞ்சம் ஏறி, பிறகு அதே இடத்தில் நிற்கலாம். டோலுடெக்ராவிர் கிரியேட்டினின் வெளியேறும் ஒரு வழியை அடைப்பதால் வரும் ஏற்றம் அது. வடிகட்டும் திறன் குறைந்ததாக அர்த்தமில்லை. ஆனால் ஏறிக்கொண்டே போனாலோ, சிறுநீரில் புரதம் வந்தாலோ டெனோஃபோவிரைச் சந்தேகிக்க வேண்டும். எது எதனால் என்று தீர்மானிப்பது மருத்துவர் வேலை. தொடங்குவதற்கு முந்தைய கிரியேட்டினின் ரிப்போர்ட் கையில் இருந்தால்தான் அவரால் ஒப்பிட முடியும், அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள்.

ஹெபடைட்டிஸ் பி விஷயத்தில் ஒரு நன்மை: டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்த வைரஸையும் அடக்கும். அதனாலேயே டிஎல்டியைச் சட்டென்று நிறுத்துவது அக்காவுக்கு இரட்டை ஆபத்து. அடங்கியிருந்த ஹெபடைட்டிஸ் பி சீறிக் கிளம்பி, கல்லீரல் செயலிழக்கும் அளவுக்குக்கூடப் போகலாம். பின்னாளில் யாராவது மருந்தை மாற்றினால், "ஹெபடைட்டிஸ் பி இருக்கிறது, புதிய மருந்தில் அதற்கும் மருந்து இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். பாட்டில் தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கி வைத்துவிடுங்கள்.

வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் டிஎல்டி போடுவதைச் சொல்ல வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் கல்லீரல் டோலுடெக்ராவிரை வேகமாகச் சிதைத்துவிடும். அப்போது டிஎல்டி போட்டு 12 மணி நேரம் கழித்துத் தனியாக டோலுடெக்ராவிர் 50 மி.கி. இன்னொன்று தருவார்கள். ரிஃபாம்பிசின் முடிந்த பிறகும் 2 வாரம் அது தொடரும். வலிப்புக்குத் தரும் கார்பமாசெபைன், ஃபெனிடாயினும் இதே போல் மருந்தளவைக் குறைக்கும். என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத மூலிகைப் பொடி, லேகியம் எதுவும் கேட்காமல் வேண்டாம்.

காய்ச்சலோடு தோல் தடிப்பு, கொப்புளம், முகவீக்கம், கண் மஞ்சளாதல், மூச்சுத்திணறல், தற்கொலை எண்ணம், இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதல் சில வாரத்தில் புதிதாகக் காய்ச்சலோ இருமலோ நெறிக்கட்டியோ வந்தாலும் காட்டுங்கள். எதிர்ப்புச் சக்தி மீண்டு எழும்போது உள்ளே மறைந்திருந்த காசநோய் போன்றவை வெளியே தெரியலாம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நீங்களாக முடிவுகட்டி நிறுத்திவிடாதீர்கள்.

தராசு:
இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: இங்கே சொன்ன நேரக்கணக்கு டோலுடெக்ராவிருக்கானது. மற்ற எச்ஐவி மருந்துகளில் எஃபாவிரென்ஸ் வெறும் வயிற்றில், படுக்கும் நேரத்தில் போட வேண்டியது. ரில்பிவிரினை முழுச் சாப்பாட்டோடு போட வேண்டும், அதோடு ஒமெப்ரசோல் கூடவே கூடாது. ரிட்டோனாவிர் சேர்ந்த மருந்து என்றால் ஆஸ்துமாவுக்கு இழுக்கும் ஃப்ளூடிகசோனும் கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டினும்கூடச் சிக்கல். உங்கள் பாட்டிலில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் விதியைத் தேட வேண்டும்.

டிஎல்டியை அதன் பாட்டிலிலேயே, 30 டிகிரிக்குக் கீழே, மூடி இறுக்கி வையுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தை எறிய வேண்டாம். வாரப் பெட்டியில் எடுத்து வைப்பதானால் 7 மாத்திரைக்கு மேல் வேண்டாம்.

மாத்திரைப்பெட்டி:
மருத்துவரிடம் பேசிவிட்டோம். மெட்ஃபார்மின் காலை 500, இரவு 500 என்று மாற்றிவிட்டார். அட்டவணை இது: காலை 8 மணிக்குச் சாப்பாட்டோடு டிஎல்டி, இரும்பு, மெட்ஃபார்மின். மதியம் 1 மணிக்குச் சாப்பாட்டோடு கால்சியம். இரவு 8 மணிக்கு மெட்ஃபார்மின், 10 மணிக்கு ஆன்டாசிட். சரியா?

அளவுகோல்:
சரி. காலையில் சாப்பிட முடியாத நாளுக்கு மட்டும் ஒரு குறிப்பு எழுதி ஒட்டுங்கள்: டிஎல்டி வெறும் வயிற்றிலும் போடலாம், 8 மணிக்கே போட்டுவிட வேண்டும்; இரும்பு மட்டும் 10 மணிக்குப் பிறகு. சாப்பிடாத நாளில் மெட்ஃபார்மின் எப்படி என்பதை அதை எழுதிய மருத்துவரிடமே கேட்டு அதே தாளில் சேர்த்துவிடுங்கள்.