வீட்டில் ஒழுங்காக ஓடும் லேப்டாப், மேடை ஏறினால் மட்டும் பொரிகிறது. உதவி தேவை

கட்டைக்காரன்:
வணக்கம். மெல்லிசைக் குழு ஒன்றில் கீபோர்டு வாசிக்கிறேன். போன வருடம் வரை பழைய கீபோர்டுதான். இப்போது 61 கட்டை மிடி கீபோர்டு (தானாகச் சத்தம் தராது, எந்தக் கட்டையை அழுத்தினேன் என்று லேப்டாப்புக்குச் சொல்லும்), விண்டோஸ் லேப்டாப், இரண்டு அவுட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (லேப்டாப்பின் ஒலியை மிக்சருக்கு அனுப்பும் பெட்டி) என்று மாறியிருக்கிறேன். நாதஸ்வரம், ஷெனாய், வயலின் கூட்டம் எல்லாமே லேப்டாப்பிலிருந்துதான் வருகின்றன. சாம்பிள் ரேட் (ஒரு விநாடி ஒலிக்கு எத்தனை துண்டுகள்) 44,100, பஃபர் (ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் துண்டுகள்) 128.

வீட்டில் நான்கு மணி நேரம் வாசித்தாலும் ஒரு குறை இல்லை. திருவிழா மேடையில் மட்டும் மூன்றாவது பாட்டிலிருந்து எண்ணெயில் கடுகு போட்டதுபோலப் பொரிகிறது. நேற்று முன்தினம் ஒரு இடையிசையில் இரண்டு விநாடி சத்தமே வரவில்லை. பாடகி திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் சிபியு 25 சதவீதத்தைத் தாண்டவில்லை. வேறு லேப்டாப் வாங்கு என்கிறார்கள். இதற்கே இன்னும் தவணை முடியவில்லை.

ஐந்தரைக்கட்டை:
பஃபரை 512 ஆக்குங்கள். சரியாகிவிடும்.

கட்டைக்காரன்:
செய்து பார்த்தேன். பொரிவது குறைந்தது, ஆனால் கட்டையை அழுத்திய பிறகு சத்தம் சற்றுத் தள்ளி வருகிறது. மெதுவான பாட்டில் சமாளித்துவிடுகிறேன். வேகமான பாட்டில் டோலக் அண்ணன் முறைக்கிறார்.

பழைய மேடை:
அவர் முறைப்பது நியாயம்தான் தம்பி. 128 என்றால் 2.9 மில்லிவிநாடி, 512 என்றால் 11.6. டிரைவரும் (கருவியை இயக்கும் மென்பொருள்) இன்டர்ஃபேஸும் எடுத்துக்கொள்ளும் நேரம் தனி. மானிட்டர் பெட்டி உங்களிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இருந்தால் காற்றில் வர இன்னும் 6 மில்லிவிநாடி. எல்லாம் சேர்ந்தால் விரலுக்குத் தெரியத்தான் செய்யும்.

சிபியு 25 சதவீதம் என்பதை நம்பாதீர்கள். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பஃபர்தான் சாம்பார் வாளி. கையில் இருக்கும் வாளி தீர்வதற்குள் அடுத்த வாளி வந்தாக வேண்டும். 128 சின்ன வாளி; சமையல்கட்டுக்கு ஆள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நாள் முழுக்கக் கணக்கெடுத்தால் அவன் பாதி நேரம் சும்மா நின்றதாகத்தான் வரும். ஆனால் ஒரே ஒரு முறை தாமதித்தாலும் இலையில் வெறும் சோறு. நீங்கள் கேட்கும் 'பட்' சத்தம் அதுதான்.

ஆகவே கேள்வி, வீட்டில் ஓடுகிற அந்த ஆள் மேடையில் ஏன் தளர்கிறான் என்பது. வீட்டுக்கும் மேடைக்கும் என்ன வித்தியாசம்? எதையும் விடாமல் சொல்லுங்கள்.

ஒலிபெருக்கி:
வைஃபையை அணையுங்கள். புளூடூத், வைரஸ் தடுப்பு, தானாக வரும் அப்டேட் எதுவும் மேடையில் ஓடக்கூடாது. வைஃபை டிரைவர் இடையில் புகுந்து ஆடியோவைத் தடுத்த கதை எனக்கே உண்டு. லேட்டன்சிமான் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, எந்த டிரைவர் குறுக்கே நிற்கிறது என்று காட்டும்.

கட்டைக்காரன்:
வைஃபை ஏற்கெனவே அணைத்துத்தான் வைத்திருக்கிறேன். வித்தியாசம் என்றால், வீட்டில் மேசை, மேடையில் ஸ்டாண்டு. வீட்டில் இன்டர்ஃபேஸ் நேராக லேப்டாப்பில். மேடையில் கேபிள் எட்டாததால் கீபோர்டோடு சேர்த்து ஒரே யுஎஸ்பி ஹப்பில். வேறொன்றும் தோன்றவில்லை.

பழைய மேடை:
சார்ஜர்?

கட்டைக்காரன்:
மேடையில் முழு நேரமும் போடுவதில்லை. போட்டால் பெட்டிகளில் 'உம்ம்' என்று ஹம் வருகிறது. விநாயகர் பாட்டும் அடுத்த பாட்டும் முடிந்து கைதட்டல் அடங்கியதும் மிக்சர்காரர் அங்கிருந்தே கத்துவார், உடனே பிடுங்கிவிடுவேன். பேட்டரி மூன்று மணி நேரம் தாங்குகிறதே?

எழுதிக்கொண்டிருக்கும்போதே உறைக்கிறது. அதனால்தான் மூன்றாவது பாட்டா?

பழைய மேடை:
அதேதான். சார்ஜரைப் பிடுங்கியதும் பல லேப்டாப்புகள் பேட்டரியை மிச்சம் பிடிக்கச் சிபியு வேகத்தைக் குறைத்துவிடும். பவர் அமைப்பில் 'உயர் செயல்திறன்' என்று வைத்தாலும் சில இயந்திரங்கள் முழு வேகம் தராது. உங்களுக்கு இருப்பது கணினிக் கோளாறு அல்ல, எர்த் கோளாறு. ஹம்மைத் தீர்த்தால் சார்ஜர் இருக்கும்; சார்ஜர் இருந்தால் பொரியாது.

வெட்டிப்பேச்சு:
சுலபமான வழி இருக்கிறது. சார்ஜர் பிளக்கில் எர்த் பின்னை மட்டும் மடக்கிவிடுங்கள். எங்கள் குழுவில் எல்லோரும் அப்படித்தான்.

ஒலிபெருக்கி:
தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பந்தல் மேடை, தரையில் ஈரம், ஜெனரேட்டர் மின்சாரம், பாடகியின் கையில் இரும்பு மைக். எங்காவது மின் கசிவு இருந்தால் அதற்குப் போக வழி மனித உடம்புதான். ஹம் கேட்டால் அவமானம், அவ்வளவுதானே.

பழைய மேடை:
ஒலிபெருக்கி சொன்னதற்கு மேல் ஒரு சொல் தேவையில்லை.

ஹம் எப்படி வருகிறது என்றால், லேப்டாப் சார்ஜர் வழியே ஓர் எர்த், மிக்சர் வழியே இன்னோர் எர்த். நடுவில் உங்கள் ஆடியோ கேபிளின் உறை இரண்டையும் இணைத்து ஒரு வளையமாக்குகிறது. அந்த வளையத்தை ஆடியோ பக்கம்தான் அறுக்க வேண்டும், மின்சாரப் பக்கம் அல்ல. இன்டர்ஃபேஸுக்கும் மிக்சருக்கும் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பாசிவ் டிஐ பாக்ஸ் (நேரடி மின்தொடர்பு இல்லாமல் ஒலியைக் கடத்தும் சின்னப் பெட்டி) வையுங்கள். இடது, வலது இரண்டுக்கும் வேண்டும். அதில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும், தட்டிவிடுங்கள்; கேபிள் உறை வழியான இணைப்பு அறுந்துவிடும். முடிந்தால் சார்ஜரை மிக்சருக்கு வரும் அதே மின்இணைப்பிலிருந்து எடுங்கள். இன்டர்ஃபேஸ் நேராக லேப்டாப்பில், ஹப் கீபோர்டுக்கு மட்டும். யுஎஸ்பி மின்சிக்கன அமைப்பையும் அணைத்துவிடுங்கள். அந்த இரண்டு விநாடி மௌனத்துக்கு ஹப் மீதுதான் எனக்குச் சந்தேகம்.

கட்டைக்காரன்:
இரண்டு நிகழ்ச்சி முடித்துவிட்டு எழுதுகிறேன். டிஐ பாக்ஸ் வாடகைக்கு எடுத்தேன், நீளமான யுஎஸ்பி கேபிள் ஒன்று வாங்கினேன். சார்ஜர் முழு நேரமும் செருகியே இருந்தது. ஹம் காதை வைத்துத் தேடினால்தான் தெரிகிறது. பஃபர் பழையபடி 128. ஒரு 'பட்'கூட இல்லை.

இன்னொன்று. நேற்று நடுவில் மின்சாரம் போய் ஜெனரேட்டருக்கு மாற்றினார்கள். மிக்சர் அணைந்தது, விளக்கு அணைந்தது, லேப்டாப்பும் இன்டர்ஃபேஸும் மட்டும் பேட்டரியில் அப்படியே நின்றன. பழைய கீபோர்டாக இருந்தால் மறுபடி இயக்கி டோனைத் தேட வேண்டியிருந்திருக்கும்.

பழைய மேடை:
மகிழ்ச்சி. அதற்காக அந்தப் பழைய கீபோர்டை விற்றுவிடாதீர்கள். வேனில் கிடக்கட்டும்.

கட்டைக்காரன்:
விற்கவில்லை அண்ணா. டோலக் அண்ணன்தான் வேனில் அதன் மேல் காலை நீட்டிக்கொண்டு தூங்குகிறார்.